நெட்டைத் துறந்த அண்ணன்

எங்கள் தெருவில் குடியை விட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். சிகரெட்டை விட்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர்கூட அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. அவரவர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும், மிஞ்சிப்போனால் பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். நெட்டை விட்டவர் ஒரே ஒருவர். அது மட்டும் மதுரைக்கே தெரியும். ஏனென்றால் அண்ணன் நெட்டை விட்டதை நெட்டில்தான் அறிவித்தார்.

பதினோரு பாரா. 'கனத்த இதயத்துடன்' என்று ஆரம்பித்தது. இரண்டாவது பாராவில் மானுடம், ஐந்தாவதில் முதலாளித்துவம், எட்டாவதில் தாத்தா வீட்டுத் திண்ணை. போட்ட கால் மணி நேரத்தில் பின்னூட்டம் வர ஆரம்பித்தது. 'போகாதீர்கள் தோழர்' என்று ஒருவர். 'உங்கள் எழுத்தை இழக்கிறோம்' என்று இன்னொருவர். முதல் வரியை மட்டும் படித்த ஒரு நல்ல மனுஷன், 'ஆழ்ந்த இரங்கல். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?' என்று கேட்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி முடிக்க அண்ணனுக்கு இரண்டு நாள் ஆனது. சன்னியாசம் கிளம்பிய ஆள் வாசப்படியில் நின்றபடியே இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்த மாதிரி.

மூன்றாம் நாள் கணக்கை அழிக்கும் வைபவம். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். அந்தத் தளமும் லேசில் விடுவதாக இல்லை. 'நீங்கள் போனால் இவர் உங்களைத் தேடுவார்' என்று ஒரு போட்டோவைக் காட்டியது. பார்த்தால் அண்ணனின் மச்சினர். சொத்துத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"இவனா? இவன் என்னைத் தேடுவான்னு இவனுக்கே தெரியாதேப்பா!"

அடுத்து, ஏன் போகிறீர்கள் என்று காரணம் கேட்டது. கொடுத்திருந்த காரணம் எதுவும் அண்ணனுக்குப் பத்தவில்லை. 'மற்றவை' என்பதை அமுக்கி, கட்டத்துக்குள் இன்னொரு பதினோரு பாராவை ஆரம்பித்தார். மூன்றாவது பாராவிலேயே கட்டம் நிரம்பிவிட்டது. கடைசியாக, 30 நாளுக்குள் மனசு மாறினால் திரும்பி வரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் மூடியது. கோபித்துக்கொண்டு போகிற மாப்பிள்ளையைத் தெரு முனைவரை விட்டுப் பிடிக்கிற வித்தை தெரிந்தவர்கள். இருபத்தொன்பதாம் நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அண்ணன் உள்ளே போயிருக்கிறார். மறுநாள் கேட்டதற்கு, "பாஸ்வேர்டு ஞாபகமிருக்கான்னு பார்த்தேன் தம்பி. வயசாகுதுல்ல?" என்றார்.

இது நாலாவது துறவு. முதல் மூன்றை நான் இங்கே எழுதவில்லை. கிட்டத்தட்ட இதே மாதிரிதான், பாராக்கள் மட்டும் குறைவு.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணன் நெட்டுக்குப் பழைய ஆள். இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15. "சுதந்திரமும் நெட்டும் ஒரே தேதியில வந்துச்சு தம்பி. ரெண்டையும் நாம வச்சிருக்க லட்சணத்தைப் பாரு" என்பார். அவருக்கு அது வந்து சேர நாலைந்து வருஷம் ஆனது. பேங்கு வேலை முடிந்து டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவார். ப்ளைவுட் தடுப்பு, பாதிக் கதவு, மணிக்கு நாற்பது ரூபாய். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்து, இணைப்பு கிடைத்து, தமிழ் எழுத்துருவை இறக்கி முடிப்பதற்குள் இருபது ரூபாய் காலி. மீதி இருபது ரூபாய்க்குத் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கு ஒரு வழி சொன்னது. எழுத்துருச் சண்டை அதற்கப்புறமும் ஓயவில்லை. யூனிகோடு பரவிய பிறகுதான் எல்லோரும் வேறு விஷயத்துக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

"அன்னைக்கு நெட்டுல மொத்தமே முந்நூறு தமிழன்தான். அதுல எறநூறு பேரு எனக்குப் பழக்கம்."

"மிச்ச நூறு பேருண்ணே?"

"அவனுங்களோடதான் சண்டை."

பழந்தமிழ் நூல்களை நெட்டில் ஏற்ற 1998 பொங்கலுக்கு ஆரம்பித்த மதுரைத் திட்டத்துக்கு, பழைய நூல் ஒன்றில் சில பக்கங்கள் தட்டச்சு செய்து கொடுத்ததாகவும் சொல்வார். பேர் 'மதுரை' என்று இருப்பதால் அது தன் ஊருக்கே வைத்த பேர் என்பது அவருடைய நம்பிக்கை. பழைய தமிழ்ச் சங்கத்தை நினைத்து வைத்தது என்று யாராவது சொன்னால், "சங்கம் எந்த ஊர்ல இருந்துச்சாம்?" என்று திருப்பிக் கேட்பார். 2004 வாக்கில் வலைப்பூக்களைத் திரட்டும் தமிழ்மணம் வந்தபோது இவரும் ஒரு வலைப்பூ எழுதினார். ஒரு பதிவுக்குப் பதினேழு பின்னூட்டம் வந்தது இன்றைக்கும் பெருமை. அதில் ஒன்பது இவரே போட்ட பதில்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தது. ஜியோசிட்டீஸ் 2009-இல், கூகுள் ரீடர் 2013-இல், ஆர்குட் 2014-இல், யாஹூ குரூப்ஸ் 2020-இல். அண்ணனுக்கு எல்லாத் தேதியும் மனப்பாடம். ஜூலை 1 என்றால் ஊருக்கு டாக்டர்கள் தினம், இவருக்குக் கூகுள் ரீடர் திதி. அன்றைக்கு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு திரிவார். எள்ளும் தண்ணியும்தான் இறைக்கவில்லை.

அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு நாள் சுக்குக் காப்பிக்கு எத்தனை மிளகு என்று தேடினார். வந்த பக்கத்தில் முதலில் சுக்கின் வரலாறு. அதன்மேல் குக்கீ வேண்டுமா என்று ஒரு பெட்டி. காப்பிக்குக் குக்கீ எதற்கு என்று அண்ணி கேட்டார். அறிவிப்பு அனுப்பட்டுமா என்று இன்னொரு பெட்டி, வீட்டுக் கடன் விளம்பரம், தானாகவே ஓட ஆரம்பித்த ஒரு வீடியோ. அதில் ஒருவர் 'வணக்கம் நண்பர்களே' என்று தொடங்கி, மணியை அழுத்தச் சொல்லி, தன் பாட்டியை நினைவுகூர்ந்து, ஆறாவது நிமிஷம்வரை அடுப்பையே பற்ற வைக்கவில்லை. அதற்குள் அண்ணி சுக்குக் காப்பியைப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இன்னொரு தடவை, ஆத்திர அவசரத்துக்கு மூலத்துக்கு மருந்து தேடியிருக்கிறார். அவ்வளவுதான். அதிலிருந்து மூன்று மாதம் எதைத் திறந்தாலும் அதே விளம்பரம். பேத்தி காதுகுத்துப் போட்டோவைச் சம்பந்தியிடம் காட்டும்போது, இரண்டு போட்டோவுக்கு நடுவில் அது வந்து நின்றது. சம்பந்தி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும், "மெத்தை நாற்காலியில உக்காருங்க சம்பந்தி" என்றாராம்.

ஆனாலும் அண்ணனுக்கு உச்சக்கட்டக் கடுப்பு, இழுக்க இழுக்க முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் அந்தப் பக்கத்தின் மேல்தான். 2006-இல் அதை உருவாக்கிய ஏசா ராஸ்கின் என்பவர் பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார் என்பதை அண்ணன் எங்கோ படித்துவிட்டார். அதிலிருந்து அந்த ஆள்மேல் தனிப் பாசம். "பந்தியில இலையை மூடுனா அதோட சரி, பரிமாற மாட்டான். இவனுங்க மூட முடியாத இலையில்ல போட்டிருக்கானுங்க" என்பார். இதைவிடச் சுருக்கமாக அந்தச் சங்கதியை விளக்கிய ஆளை நான் பார்த்ததில்லை. பதினோரு பாராவுக்குப் பதில் இந்த ஒரு வரியைப் போட்டிருக்கலாம் என்று சொன்னேன். கேட்கவில்லை.

துறவுக்கு அடையாளமாக ஒரு பட்டன் போன் வாங்கினார். பாம்பு விளையாட்டு உண்டு, வேறொன்றும் கிடையாது. சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வார். யாரும் கவனிக்காவிட்டால் அவரே எடுத்து மணி பார்ப்பார். கையில் கடிகாரமும் இருக்கும்.

கஷ்டம் ஆரம்பித்தது எனக்கு. டீக்கடையில் ஐம்பது ரூபாயை நீட்டினால், "சில்லறை இல்லண்ணே, ஸ்கேன் பண்ணிருங்க" என்பார் மாஸ்டர். அண்ணன் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் போனை எடுப்பேன். கோயம்புத்தூருக்கு ரயில் டிக்கெட் வேண்டுமா, கரண்ட் பில் கட்ட வேண்டுமா, கேஸ் சிலிண்டர் பதிய வேண்டுமா, "தம்பி, நான்தான் அதெல்லாம் விட்டுட்டேனே" என்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். காலை ஆறு மணிக்குப் போன் வரும். "தம்பி, மழை வருமான்னு அதுல பாரு." ஜன்னலைத் திறந்து பார்க்கலாமே என்றால், "அதுல என்ன போட்டிருக்கான்னு பாரேன்" என்பார். அவர் விட்டது நெட்டை, பிடித்தது என்னை.

ஒரு நாள் எனக்கு இன்லண்ட் லெட்டர் வந்தது. அனுப்புநர், இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அண்ணன். தலைமைத் தபால் நிலையம்வரை போய்ச் சுற்றி வந்து சேர நாலு நாள் ஆகியிருந்தது. அந்த நாலு நாளும் நாங்கள் தினம் இரண்டு வேளை பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கையெழுத்து அழகு, சுழியெல்லாம் வாத்தியார் போட்ட மாதிரி. 'அன்புள்ள தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல். பேனாவைத் தொட்டுப் பல வருடங்கள் ஆயிற்று. இப்போதுதான் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது' என்று உருக்கமாகப் போனது. எனக்கே கண் லேசாகக் கலங்கியது. கடிதத்தை மடித்து ஒட்டும் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பின்குறிப்பு இருந்தது. 'இதைப் போட்டோ எடுத்து அதில் போட்டுவிடவும். என் பெயரைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தாலும் பரவாயில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சாயங்காலம் சொல்லவும்.'

திருவிடைமருதூர்க் கோயிலில் பட்டினத்தார் கிழக்கு வாசலிலும் பத்திரகிரியார் மேற்கு வாசலிலும் இருந்தார்களாம். பட்டினத்தாரிடம் ஒருவன் பிச்சை கேட்க, 'மேற்கு வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்' என்று அனுப்பினாராம். நாட்டை விட்டு வந்த ராஜாவான பத்திரகிரியாரிடம் மிச்சம் இருந்தது ஒரு திருவோடு, பின்னாலேயே வந்த ஒரு நாய், அவ்வளவுதான். அண்ணனிடம் இருந்த திருவோடு ஒரு பழைய டேப்லெட். "அது நெட்டுக்கு இல்ல தம்பி. தேவாரம் படிக்க" என்பார். பின்னாலேயே வந்த நாய் வைஃபை. அதைக் கழற்றினால் மாமியார் சீரியல் பார்க்க முடியாது என்பது காரணம்.

மற்ற ரகங்களும் உண்டு. சனி ஞாயிறு விரதக்காரர்கள், கொடைக்கானலுக்குப் போய் 'டீடாக்ஸ்' இருந்துவிட்டு அதை முப்பது போட்டோவாகப் போடுகிறவர்கள். செயலியை அழித்துவிட்டு அதே தளத்தைப் பிரவுசரில் திறக்கும் என்னைப் போன்ற அற்பர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் மாநகராட்சிக்காரர்கள் பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். ஜே.சி.பி. ஒரே இழுப்பில் கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தெருவில் யாருக்கும் எதுவும் உறைக்கும் முன்னால் அண்ணன் என் வாசலில் நின்றார்.

"என்ன தம்பி, உங்க வீட்லயும் நெட் வரலையா?"

"உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சது?"

"உங்க அண்ணிதான் சொன்னா."

சொல்லி வாய் மூடவில்லை, ஆட்டோவிலிருந்து அண்ணி இறங்கினார். கையில் பை, தோளில் தங்கை வீட்டுப் பலாப்பழம். ஊருக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

அண்ணன் அசரவில்லை. படியில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். வைஃபை செத்த பையன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அண்ணன் உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டு, இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தத் தாள். மை வெளுத்து, மடிப்பில் செலோடேப் ஒட்டி, அதுவும் பழுத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நாற்காலியைக் 'கதிரை' என்கிறார்களே, ஏன் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மடற்குழுவில் கேட்டிருக்கிறார். மூன்று நாள் கழித்துக் கனடாவிலிருந்து ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். கதிரை போர்த்துக்கீசியச் சொல், அலுமாரியும் அப்படியே, நீங்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டுச் சாவியும் ஜன்னலும் அதே கப்பலில் வந்து இறங்கியவைதான் என்று. கடைசியில், அங்கே இப்போது பனி கொட்டுகிறது, மதுரையில் மல்லிகை என்ன விலை என்று கேட்டிருந்தார்.

"நான் பதில் போட்டேன் தம்பி. மொழம் ரெண்டு ரூவான்னு. அதுக்கு அவரு ஒரு பக்கம் எழுதுனாரு. ஆளை நான் பார்த்ததே இல்ல."

"இப்ப அதையே தேடினா என்னண்ணே வரும்?"

"தேடிப் பார்த்தேனே. கதிர் வர்ற திசைக்குத்தான் கதிரைன்னு பேருன்னு ஒரு மெஷின் அடிச்சு விடுது. நெஞ்சறியாமப் புளுகுது. அதுக்குக் கீழ நாற்காலி விளம்பரம், மூணு வாங்குனா ஒண்ணு இலவசம்."

பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் அந்தத் தாளை வாங்கி ஓரத்து ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தான். எதற்கு இந்த ஓட்டை என்று கேட்டான். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரிண்டரின் பல்சக்கரம் தாளை எப்படி இழுக்கும் என்று கையால் நடித்துக் காட்ட ஆரம்பித்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பல வருஷமாகப் பார்க்கவில்லை. அண்ணி பலாச்சுளையைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எங்கள் வீட்டு ஹால் தெரியும். டி.வி.க்கு மேல் இருந்த மோடத்தில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. அண்ணனின் கை பல்சக்கரத்தைப் பாதி சுற்றிய நிலையில் நின்றது.

"சரி தம்பி, எனக்குத் தூக்கம் வருது" என்று எழுந்தார்.

மணி ஏழே முக்கால்.