நீ பாட்டுக்கு அமுக்கு மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. விண்டோஸ் பத்துக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட மைக்ரோசாஃப்ட்காரன் கையைக் கழுவிட்டான், இனி பதினொண்ணுக்கு ஏறித்தான் ஆகணும்னு நாள் குறிச்சிட்டியாமே? வளர்பிறையாப் பாத்திருக்க. சிபியூவுக்குச் சந்தனம் குங்குமம் வச்சாச்சு. புதுசுக்குப் போட வால்பேப்பர்கூட எடுத்து வச்சிருக்கியாம், உன் அத்தை சொன்னா. ரொம்ப சந்தோஷம். டிஸ்க் டிரைவரைப் பாத்தியான்னு கேட்டா மட்டும், "அதெல்லாம் அதுவே பாத்துக்கும் மாமா"ங்கிற.

நீ சொன்னா சரிதான். நீ பாட்டுக்கு அமுக்கு. எல்லாப் பயலும் விவரமா இருந்துட்டா, டவுன்ல சிஸ்டம் சர்வீஸ் கடை வச்சிருக்கிறவன் பிள்ளைகளுக்கு எப்படி ஃபீஸ் கட்டுவான்? அவன் கடை பெஞ்சுல ஓசிப் பேப்பர் படிச்சுப் படிச்சுத்தான் எனக்கே இந்தப் புத்தி வந்துச்சு.

சவுண்டு டிரைவர் செத்தா பாட்டு கேக்காது, அம்புட்டுத்தான். பிரிண்டர் டிரைவர் கோவிச்சுக்கிட்டா நாளைக்கு அடிச்சுக்கலாம். கிராபிக்ஸ் டிரைவர் இல்லாட்டி எழுத்து பூதம் பூதமாத் தெரியும், ஆனாலும் தெரியும். டிஸ்க் டிரைவர் அப்படியில்ல. டிஸ்கைப் படிக்கிற டிரைவரே அந்த டிஸ்குக்குள்ளதான் கிடக்கு. சாவியை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுன கதை.

"அப்ப தெனமும் எப்படி மாமா ஆன் ஆகுது?"ன்னு கேட்ட பாரு, அங்கதான் நீ எங்க அக்கா மகன். பட்டனை அமுக்குனதும் மொதல்ல முழிக்கிறது போர்டுல இருக்கிற பயாஸ். இப்ப யூஇஎஃப்ஐங்கிறாங்க. விண்டோஸோட லோடர் அதோட தயவுலதான் கெர்னலையும், ஆரம்பத்துக்கு வேண்டிய டிரைவருகளையும் டிஸ்குல இருந்து மெமரிக்கு ஏத்துது. ஏறி உக்காந்ததும் கெர்னலுக்குத் தெனாவெட்டு வந்துரும். பயாஸை ஒதுக்கிட்டு, இனிமே டிஸ்கை நம்ம டிரைவரே பாத்துக்குவான்னு திரும்பும். அந்த டிரைவர் புது விண்டோஸுக்கு ஒத்துவராத ஆளா இருந்தா, இப்பத்தான் ஏறி வந்த டிஸ்க் எங்கன்னே அதுக்குத் தெரியாது. லோகோ வரும், புள்ளி சுத்தும், எரர் திரை விழும். கீழ ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’னு எழுதியிருக்கும். லோகோ வந்துச்சே, அப்ப கேபிள்தான் லூஸுன்னு நீ விடிய விடிய புடுங்கிப் புடுங்கி மாட்டிக்கிட்டு இருப்ப.

கிழவன் கதை விடுறான்னு நெனைக்காத. 2019-ல விண்டோஸ் பத்தோட 1903, 1909 பதிப்பு வந்த சமயம். இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜின்னு ஒரு டிரைவர் இருக்கு, ஆர்எஸ்டின்னு சுருக்கிச் சொல்வாங்க. அதுல 15.1.0.1002-ல இருந்து 15.5.2.1053 வரைக்கும் உள்ள பதிப்பு இருந்த மெஷினுக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட்காரனே அப்கிரேடை நிறுத்தி வச்சான். 15.5.2.1054 இல்லாட்டி அதுக்கு மேல போட்டுட்டு வான்னுட்டான். ஒரே ஒரு எண்ணு வித்தியாசம் மாப்ளே! 1053-ன்னா வாசல்ல நில்லு, 1054-ன்னா உள்ள வா. செவ்வாய் எந்தக் கட்டத்துல உக்காந்திருக்குன்னு அம்புட்டு நுணுக்கமாப் பாக்குற பய நீ, இந்த எண்ணைப் பாக்குறதுக்குச் சோம்பலா இருக்குங்கிற.

சரி, பாக்குறதா ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிவைஸ் மேனேஜர். அதுல ‘ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்’னு ஒண்ணு, ‘ஐடிஇ’ன்னு ஆரம்பிக்கிறது ஒண்ணு. ரெண்டையும் விரி. ‘ஸ்டாண்டர்டு சாட்டா ஏஎச்சிஐ கன்ட்ரோலர்’னோ ‘ஸ்டாண்டர்டு என்விஎம் எக்ஸ்பிரஸ் கன்ட்ரோலர்’னோ இருந்தா, அது மைக்ரோசாஃப்டோட சொந்தப் பிள்ளை. புது விண்டோஸோடயே புதுசா வந்து எறங்கிரும், நீ காலை நீட்டிப் படுக்கலாம். அதோட தேதியைப் பாத்தா 2006 ஜூன் 21-ன்னு இருக்கும். ஐயையோ பழசுன்னு ஊரைக் கூட்டிராத. விஸ்டா காலத்துத் தேதி அது. வேணும்னே போட்டு வச்சிருக்கான். உள்ள சரக்கு புதுசு, தேதிதான் பழசு. போர்டுகாரன் கொடுத்த டிரைவர் ஒண்ணு இருந்தா, தேதியில அது முந்தி நிக்கட்டும், பொது டிரைவர் போய் அதைத் தள்ளிட்டு உக்காந்துரக் கூடாதுன்னு ஏற்பாடு. வயசைக் குறைச்சுச் சொல்லாத ஆளே இல்லாத உலகத்துல, கூட்டிச் சொல்லி வழிவிடுற ஒரே ஜென்மம் இந்த டிரைவர்தான்.

உனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. டிடிபி கடைக்காரன் நீ. ரெண்டு டிஸ்கை ரெய்ட் ஒண்ணுல கோத்துப் போட்டிருக்க. உனக்கு அங்க இன்டெல் பேர்லதான் நிக்கும். சில பிராண்ட் டெஸ்க்டாப்பு ஒத்தை டிஸ்கோடயே ரெய்ட் மோடுலதான் கடையில இருந்து வரும், வாங்குனவனுக்கே தெரியாது. ரெய்ட் இருக்கே, பேக்கப் எதுக்குன்னு போன வாரம் என்கிட்டயே வியாக்கியானம் பண்ணுன. நெசந்தான். வைகாசி முகூர்த்தத்துப் பத்திரிகை ஃபைலை நீ தூக்கத்துல அழிச்சேன்னு வையி, ரெண்டு டிஸ்குலயும் சேந்தே அழியும். அம்புட்டு நேர்மை அதுக்கு. பொண்ணு வீட்டுக்காரன் வந்து வாசல்ல நிக்கிறப்ப, “ரெண்டு காப்பி இருந்துச்சு, ரெண்டுமே போச்சு”ன்னு தெம்பாச் சொல்லு. அந்தத் தெம்பு இல்லாட்டி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்குல காப்பி எடுத்து, கழட்டி, பீரோவுல வச்சுப் பூட்டு. கழட்டாமத் தொங்க விட்டா அது பேக்கப் இல்ல.

அடுத்து, டிரைவரை எங்க போய் எடுப்ப? நெட்டுல தேடுனா மேலாக்க ஒரு பச்சைப் பட்டன் வரும், உன் கம்ப்யூட்டரே ஆபத்துல இருக்குன்னு பெத்த தாய்கூடப் பதறாத பதட்டம் பதறும். அதை அமுக்கு. சர்வீஸ்காரன் மூத்த மக இந்த வருசம் காலேஜ் சேர்றா. மனசு வரலைன்னா, ஸ்டார்ட்ல ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’னு தேடு. போர்டு பேரும் மாடலும் வரும். அந்தக் கம்பெனி பக்கத்துலயே உன் மாடலுக்குன்னு போட்டிருக்கிறதை எடு. இருக்கிறதுலயே பெரிய எண்ணாப் பாத்து எடுக்கிற உன் புத்தியை இங்க காட்டாத. ஆர்எஸ்டியோட புதுப் பதிப்பு பழைய சிப்செட்டை மதிக்காது.

எடுத்ததைப் பழைய விண்டோஸ்லயே போட்டு ரீஸ்டார்ட் பண்ணு. கொஞ்ச நாள் அது மேலயே பொழப்பைப் பாரு. அப்புறம் ஏறு. ஒரே ராத்திரியில பயாஸ், டிரைவர், விண்டோஸ் மூணையும் மாத்திட்டா, விடிஞ்சு பஞ்சாயத்து வைக்கிறப்ப யாரைக் குத்தம் சொல்லுவ? பயாஸ் அப்டேட் பண்ணுனா செட்டிங்கெல்லாம் பழையபடி திரும்புற போர்டும் இருக்கு. ரெய்ட்ல இருந்தது ஏஎச்சிஐக்கு மாறி நிக்கும், டிஸ்க் ரெண்டும் அனாதையா நிக்கும். போர்டுல இருக்கிற வட்ட பேட்டரி, சிஆர்2032, அது செத்தாலும் இதே கூத்துதான். அதனால பயாஸுக்குள்ள போயி சாட்டா மோடு என்னன்னு ஃபோன்ல ஒரு படம் புடிச்சு வையி. பிட்லாக்கர் போட்டிருந்தா 48 இலக்கத்துல ஒரு ரெக்கவரி கீ இருக்கும். அதைத் தாள்ல எழுது. அந்த கீயை நோட்பேட்ல அடிச்சு, பூட்டுன டிஸ்குலயே சேவ் பண்ணி வச்ச மகராசன் ஒருத்தன் நம்ம தெருவுலயே இருக்கான். பேர் சொன்னா கோவிச்சுக்குவான்.

சில நேரம் டிரைவர் ஒழுங்கா இருக்கும், டிஸ்கோட ஃபர்ம்வேர் சொதப்பும். 2024-ல விண்டோஸ் பதினொண்ணு 24எச்2 வந்தப்ப, வெஸ்டர்ன் டிஜிட்டலோட சில 2 டிபி என்விஎம்இ டிஸ்க் வச்சிருந்தவனுக்கெல்லாம் நீலத்திரை. டிஸ்க் கம்பெனி விட்ட ஃபர்ம்வேர்தான் அதுக்கு மருந்து. அதையும் ஏறுறதுக்கு முன்னாடியே பாத்துக்கிறது உன் இஷ்டம்.

எக்ஸ்பி காலத்துக்காரன் பட்ட பாடு உனக்கு எங்க தெரியும்? இன்ஸ்டால் ஆரம்பிச்சதும் திரையோட அடியில ‘எஃப்6 அமுக்கு’ன்னு ஒரு வரி வந்து ஓடிரும். அந்த நேரம் பாத்துத் தும்முனவன் மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். புடிச்சு அமுக்குனாலும் டிரைவர் ஃப்ளாப்பியில இருந்தாத்தான் ஆச்சு. ஃப்ளாப்பி செத்துப் புல்லு முளைச்ச பெறகும் இன்டெல்காரன் அந்த ஜிப் ஃபைலுக்கு ‘எஃப்6’னே பேரு வச்சு விட்டுக்கிட்டு இருந்தான். அந்த ஜிப்பு உனக்கு வேணும். சுத்தமா அழிச்சுப் புதுசா இன்ஸ்டால் பண்ற நெலமை வந்துட்டா, ‘லோட் டிரைவர்’னு கேக்குற எடத்துல ஐஎன்எஃப் ஃபைலைத்தான் அது தேடும். இஎக்ஸ்இயைக் காட்டுனா திரும்பியே பாக்காது. இன்டெல் 11-ஆம் தலைமுறையில இருந்து விஎம்டின்னு ஒண்ணு வேற வந்திருக்கு. அது ஆன்ல இருந்து டிரைவர் கையில இல்லாட்டி, டிஸ்கே இல்லைன்னு கையை விரிச்சிரும். நல்ல டிஸ்கைக் கழட்டிக்கிட்டு வாரன்டி சண்டைக்குக் கெளம்புனவனையும் அந்தப் பெஞ்சுல இருந்தே பாத்திருக்கேன்.

ஏறுன பெறகு புடிக்கலைன்னா பழைய விண்டோஸுக்கே எறங்க 10 நாள் தவணை உண்டு. ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ங்கிற ஃபோல்டர்லதான் அது இருக்கும். எடம் அடைக்குதுன்னு மொத நாளே அதை அழிச்சிருவ, உன்னைத் தெரியாதா எனக்கு?

எந்திரி, நேரமாச்சு. அந்த ஜிப்பை விரிச்சு பென் டிரைவ்ல போடு. சில எம்பிதான் வரும், அதுக்காக உள்ள கிடக்கிற சிவாஜி படத்தை அழிச்சுக் கிழிச்சுத் தொலைச்சிராத. நான் இன்னும் இடைவேளையே தாண்டல.