பையன் செய்த வேலை

பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் எங்கள் பழைய மாருதி 800 இடப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ரோட்டின் மேல் பழி போட்டேன். பிறகு டயர் மேல். வீல் அலைன்மென்ட்டுக்கு இரண்டு தடவை தண்டம் அழுதேன். ஒருநாள் தற்செயலாகக் குனிந்தால், இடது முன்சக்கரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது.

உள்ளே கைவிட்டு பிரேக் ஹோஸைத் தடவினேன். பாட்டியின் பித்தவெடிப்புக் கால்தான் ஞாபகம் வந்தது. இத்தனை வெடித்த ஹோஸ் உள்ளேயும் வீங்கியிருக்கும். மிதிக்கிற வேகத்துக்கு ஆயில் முண்டிக்கொண்டு போய்விடும். திரும்பி வரத்தான் வழி இருக்காது. சக்கரம் பாதி பிரேக்கிலேயே உருளும்.

"ஒரு ரப்பர் குழாய், ரெண்டு முனை. இதுக்கு எதுக்கு மெக்கானிக்?" சொன்னது நான்தான். மனைவி சாட்சி.

ஸ்டீல் பைப்போடு ஹோஸ் சேரும் இடத்தில் பத்தாம் நம்பர் நட். அதற்கென்றே, பைப் நுழையும் அளவு வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் உண்டு. அதெல்லாம் கை நடுங்குபவர்களுக்கு என்று சாதா ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். நட் அசையவில்லை, அதன் ஆறு மூலைகள் மட்டும் ஒவ்வொன்றாகப் போயின. கோலிக்குண்டாக ஆனதைக் கடைசியில் கிரிப் பிளையர் போட்டுக் கழற்றினேன்.

ஹோஸோடு வந்த இரண்டு புதுக் காப்பர் வாஷர்களும் என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன. பழையதையே போட்டு முடுக்கிய பிறகுதான் தட்டுப்பட்டன.

பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றும்போது ஃபெண்டரில் சிந்தியது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவணும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். 'அப்புறம் கழுவிக்கலாம்' என்று விட்டேன். மாவடு அளவுக்கு அந்தத் திட்டு இன்னும் இருக்கிறது.

ஹோஸைக் கழற்றியதில் உள்ளே புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மனைவி சீட்டில், நான் சக்கரத்தடியில். "மிதி! பிடி!" என்றதும் நிப்பிளைத் திறப்பேன்; நுரையோடு ஆயில் வரும். நான் மூடும்வரை அவள் காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அரை மணி நேரம் ஒரே காற்றை வெளியே எடுத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். தரையில் கிடந்து ஒரு ஆம்பளைக் குரல் "மிதி, இன்னும் நல்லா மிதி" என்று கெஞ்சினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

இதற்குள் டப்பாவில் ஆயில் வற்றியதை யாரும் கவனிக்கவில்லை. யாரும் என்றால் நான். பெடல் பஞ்சுமூட்டையாகத் தரையைத் தொட்டது.

"ஏங்க, வரச் சொல்லிட்டேன்" என்றாள்.

மெக்கானிக் வந்து ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுக்க ஒடித்தார். புது ஹோஸ் முறுக்கிக்கொண்டு டயரில் உரசியது. மழுங்கிய நட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"எவன் சார் இதுல கை வெச்சது?"

"பைபாஸ் பக்கத்துல... ஒரு பையன்."

மனைவி காபி போட உள்ளே போய்விட்டாள்.

முக்கால் மணியில் வேலை முடிந்தது. கிளம்பும்போது அவர் வண்டிக்கடியில் கைவிட்டு என் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். துணியில் துடைத்து என் கையில் வைத்தார்.

"பையன் விட்டுட்டுப் போயிட்டான் போல சார். வந்தான்னா குடுத்துருங்க."