நீலோதய நிர்ணயம்: ஆரணி ஏரிக்கரையை முன்னிட்டு ஒரு விசாரம்

பட்டுப் புடவைக்கு நிறம் சொல்ல வருகிற வாடிக்கைக்காரர்கள், முன்னெல்லாம் பழைய முந்தித் துண்டையோ ரவிக்கைத் துணியின் ஓரத்தையோ கொண்டுவந்து நீட்டியது போக, இப்போது கைப்பேசியைத் திறந்து, ஜலத்தின்மேல் சூரியன் உதிக்கிற படமொன்றைக் காட்டி, "இந்த நீலம் வேண்டும்" என்று கேட்கத் தொடங்கிவிட்டபடியால், ஆரணி நகரத்துச் சாயப்பட்டறைகளுக்கு எந்தச் சாஸ்திரமும் இதுவரை தீர்த்துவைக்காத ஒரு சங்கடம் நேர்ந்திருக்கிறது. மயில்கழுத்து, ராமர் நீலம், ஆனந்தா நீலம், சுப்புலட்சுமி அம்மாளின் பெயரால் வழங்கும் எம். எஸ். நீலம் என்று நீலத்துக்குள்ளேயே பேதம் பிரித்துப் பழகிய சாயக்காரர், கைப்பேசியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது சூரியன் கொடுத்த நீலமா, போன் கொடுத்த நீலமா?" என்று கேட்கிறார். உதய காலத்துச் சூரியன் செம்மை என்பது பிரத்யக்ஷம். அந்த உதயத்தை நீலமாகக் காட்டும் படமும் பிரத்யக்ஷம். இரண்டு பிரத்யக்ஷங்கள் ஒன்றோடொன்று முரண்படுமிடத்தில் விசாரணை அவசியம் என்பது ஆன்றோர் துணிபாதலால், இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்பட்டது.

இவ்விஷயத்தில் மூன்று கட்சிகள் உண்டு. முதற் கட்சியினரைக் கால வாதிகள் எனலாம். நீலம் கிடைப்பது நேரத்தால்தான் என்பது இவர்கள் கொள்கை. சூரியன் அடிவானத்துக்கு ஆறு பாகை கீழே நிற்கும் வேளை தொடங்கி, அதன் விளிம்பு வெளியே தலைகாட்டும் வரையிலுள்ள அருணோதய காலம், பூமத்திய ரேகைக்கு அதிக தூரமில்லாத ஆரணியில் ஒரு நாழிகைக்குச் சற்றுக் குறைவாகவே நீடிக்கிறது. நார்வே நாட்டு ட்ரோம்ஸோ நகரில், சூரியன் எழாத மார்கழி மாதத்தில் மணிக்கணக்காகக் கிடைக்கும் இதே வெளிச்சத்தை, நம்மவர் பல் துலக்கிக் காபி குடித்து ஏரிக்கரை சேர்வதற்குள் இழந்துவிடுகிறார்கள். அவ்வேளையில் உச்சி வானம் நீலமாயிருப்பதற்கு நடுப்பகலுக்குச் சொல்லப்படும் ஒளிச்சிதறல் மாத்திரம் போதாது என்பதையும், உயரத்திலுள்ள ஓசோன் வாயு மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கிவிடுவதே பெருங்காரணம் என்பதையும் ஹல்பர்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1953-ல் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே கால வாதிகளின் நீலம் கலப்படமற்றது. ஆனால் நீலம் இருக்கும் வேளையில் சூரியன் இல்லை. சூரியன் வந்த சிறிது நேரத்தில் நீலம் இல்லை. உதயத்தின் படம் என்று இவர்கள் தருவது உதயமாகாத படம்.

இரண்டாம் கட்சியினர் யந்திர வாதிகள். வெயிலின் வெண்மை ஒன்று, குண்டு பல்பின் வெண்மை மற்றொன்று. நம் கண் இரண்டையும் தானாகவே சமன் செய்துகொண்டு, வெள்ளை வேட்டியை எந்த விளக்கிலும் வெள்ளையாகவே காண்கிறது. காமிராவுக்கு அந்த விவேகம் இல்லாமையால், வெயிலுக்கு ஏறத்தாழ 5,500 கெல்வின், பல்புக்கு 3,200 கெல்வின் என்று அதற்கு எடுத்துச் சொல்ல 'வொயிட் பேலன்ஸ்' என்னும் ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். சூரியனை எதிரே நிறுத்திக்கொண்டு, "இது பல்பு" என்று காமிராவிடம் ஒருவர் சத்தியம் செய்தால், அப்பாவியான அந்த யந்திரம், பல்பின் மஞ்சளைப் போக்கவேண்டுமென்று கருதி, கண்டதன்மேலெல்லாம் நீலத்தை அள்ளிச் சொரிந்துவிடுகிறது. ஸ்டுடியோ விளக்குக்கென்று செய்த பிலிமை வெயிலில் ஓட்டி, பகலில் எடுத்த காட்சியை நிலவொளியாகக் காட்டிய சினிமாக்காரர்கள் பிழைத்ததும் இந்த வித்தையால்தான். இதில் செஞ்சூரியன் வெளுத்துப்போகிறது, ஜலம் நீலமாகிறது. எந்த அமைப்பில் எடுத்தது என்பதைப் படத்தோடு சொல்லிவிடுகிறவரிடம் நான் குற்றம் காணவில்லை. சொல்லுகிறவர் அபூர்வம்.

மூன்றாம் கட்சியினர், எடுத்த படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விரலால் தேய்த்து நீலமேற்றும் சாய வாதிகள். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரிலிட்டுப் பசை நீக்கி, அலசி, சாயத்தொட்டியில் இறக்கி, நிறம் ஒருபடித்தாய் ஏறும் வரையில் கழியைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஆரணிச் சாயக்காரர், பெயரொற்றுமை கருதியும்கூட இவர்களைத் தம் கூட்டத்தில் சேர்க்கமாட்டார்.

இனி ஜலம். ஆரணியை ஒட்டிச் சென்று செய்யாற்றில் கலந்து, அதன் வழியே பாலாற்றைச் சேரும் கமண்டல நாகநதி, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சி தருவதால், ஆராய்ச்சியாளன் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் ஏரிகளையே நாட வேண்டியவனாகிறான். கடலின் நீலம் ஆகாயத்தின் பிரதிபலிப்பே என்று ரேலே பிரபு சொல்லியிருக்க, 1921-ல் இங்கிலாந்திலிருந்து நார்க்கண்டா என்னும் கப்பலில் திரும்பிய நம் சி. வி. ராமன், நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து, மேற்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்து, அப்போதும் நீலம் போகாமையால், நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து நீலம் தருகின்றன என்று நிலைநாட்டினார். ஆயினும் ராமன் கண்டது மத்தியதரைக் கடலின் ஆழம். நம் ஏரியில் நிற்பதோ முழங்காலளவு செம்மண் கலங்கல். அதற்குச் சொந்த நீலம் ஏது? மத்தியதரைக் கடலில் தோற்ற ரேலே பிரபு ஆரணியில் ஜெயிக்கிறார். இரவல் நீலத்தைப் பெறுவதற்கும் முறை உண்டு. நேரே குனிந்து பார்ப்பவருக்கு நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கையே திருப்பித் தருகிறது; மிகத் தாழ்ந்து சாய்வாக நோக்குபவருக்குப் பெரும்பகுதியையும் தந்துவிடுகிறது; பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துப் புடவை, கோணத்துக்கொரு நிறம் காட்டுவதைப் போல என்க. எனவே காமிராவை நீர்மட்டத்துக்கு இறக்குவது விதி. வேட்டி நனைவது அதன் உபவிதி.

இம்மூன்று கட்சியாரும், சூரியன் மெய்யாகவே நீலமாவதில்லை என்று எண்ணிக்கொண்டே வாதிக்கிறார்கள். அந்த அஸ்திவாரம் பழுதானது. 1883 ஆகஸ்டு மாதக் கடைசியில் ஜாவாவுக்கருகே கிரகடோவா எரிமலை வெடித்ததன் பின், செப்டம்பரில் சில நாட்கள் இலங்கையிலும் சென்னை ராஜதானியிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றியது; சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியரும், பிற்காலத்தில் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவருமான மிச்சி ஸ்மித் அதன் நிறமாலையை ஆராய்ந்து எழுதினார். ஒளியின் அலைநீளத்தை ஒத்த பருமனுடைய துகள்கள் ஒரே அளவாகக் காற்றில் பரவினால், அவை செம்மையை அதிகமாகச் சிதறடித்து நீலத்துக்கு வழிவிடும் என்பதே காரணம். அன்று நீலச் சூரியன் இருந்தது, ஜலமும் இருந்தது. ஆனால் லூமியேர் சகோதரர்களின் வர்ணத் தகடு விற்பனைக்கு வந்தது 1907-ல். கனடாவின் காட்டுத் தீப் புகையால் 1950 செப்டம்பர் 26-ந் தேதி ஸ்காட்லாந்தில் சூரியன் நீலித்தபோது வர்ண பிலிம் புழக்கத்தில் இருந்தது, வேளைதான் பிற்பகல். 2015 ஏப்ரலில் கியூரியாசிட்டி என்னும் யந்திர வண்டி செவ்வாய்க் கிரகத்துக் கேல் பள்ளத்திலிருந்து நீல ஒளி சூழ்ந்த சூரியனை வர்ணத்தில் படம் பிடித்தது. அது அஸ்தமனம், தவிரவும் அப்பள்ளத்து ஏரி வற்றிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஏரி என்று பெயர் சொன்ன இடத்தில் ஏரி இல்லாமை ஆரணிக்காரர்களுக்கு ஆச்சரியமல்ல.

ஆகவே நீலச் சூரியன், ஜலம், வர்ணக் காமிரா, உதயவேளை ஆகிய நான்கு அங்கங்களும் மேற்சொன்ன திருஷ்டாந்தங்களில் ஒன்றிலும் ஒருங்கே கூடவில்லை. கூடும் வரையில், பொழுது புலருமுன் எடுத்த கால வாதிகளின் படமே, சூரியன் இல்லாத குறையோடு, ஏற்கத்தக்கது என்பது நிர்ணயம். புடவை எடுப்போர், திரைக்குத் திரை நீலம் மாறுமாதலால், படத்தை வீட்டில் வைத்துவிட்டுத் துணித்துண்டோடு சாயக்காரரிடம் செல்க. படம் எடுப்போருக்கும் ஒரு வார்த்தை: அதே நீல வேளையில்தான் நெசவுத் தெருக்களில், வெயில் ஏறுமுன், பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருப்பார்கள், ஏரிக்கு விரைகிறவர்கள் அதைத் தாண்டிக் குதிக்காமல், ஓரமாகச் சுற்றிப் போகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.