பிராய்டு தாத்தாவுக்கு லைசென்ஸ் கொடுத்தது யார்?

மலேசியாவில் காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒருவருக்கு மனசு தடுமாறினால் அந்தக் காலத்தில் இரண்டே வழி. முதலில் முனியாண்டி கோயில் பூசாரி: உடுக்கை, வேப்பிலை, எலுமிச்சம்பழம், கையோடு ஒரு சேவல். அதற்கும் மசியாத பேய் என்றால் தஞ்சோங் ரம்புத்தான், 1911இல் வெள்ளைக்காரன் திறந்த ஆஸ்பத்திரி. பூசாரி எங்கே படித்தார் என்று எந்தக் கங்காணியும் கேட்டதில்லை. அப்பா ஆடினார், மகன் ஆடுகிறார். சாமியே இறங்கி வந்த பிறகு சர்டிபிகேட் எதற்கு?

சிரிக்காதீர்கள், வியன்னாவிலும் அதே கூத்துதான். 1890களில் உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்டு தன் மனசைத் தானே நோண்டிப் பார்த்துத் தேறிவிட்டார். கேள்வி கேட்டவர் அவர், எழுதியவர் அவர், மார்க் போட்டவரும் அவரே. 1909இல் மாக்ஸ் ஐட்டிங்கோன் என்ற சீடர் வந்தார். சாயங்காலம் இருவரும் தெருத்தெருவாக நடந்தார்கள். நடை போகிற போக்கிலேயே உளப்பகுப்பாய்வு. சில வாரத்தில் படிப்பு முடிந்தது!

அந்த மகானுபாவர் பிறகு பெர்லினில் என்ன செய்தார் தெரியுமா? 1920இல் சொந்தப் பணத்தைப் போட்டு சிகிச்சை நிலையம் திறந்தார். அங்கே உருவான பயிற்சி விதிகள் மூன்று: வைத்தியம் பார்க்க வருகிறவன் முதலில் தானே சோபாவில் படுத்து மனசைத் திறக்க வேண்டும், வகுப்பில் உட்கார வேண்டும், மூத்தவர் கண்காணிப்பில்தான் நோயாளியைத் தொட வேண்டும். காலாற நடந்து தேறியவர், பின்னால் வந்தவர்களை வருஷக்கணக்கில் படுக்கப் போட்டுவிட்டார். பல நாடுகளில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சிக்கு இன்றைக்கும் அஸ்திவாரம் அதுதான். பிராய்டோ சொந்த மகள் அன்னாவையே சோபாவில் படுக்க வைத்தார். நம் பூசாரிகூட அந்த அளவுக்குத் துணிந்திருக்க மாட்டார்.

கல்கத்தா டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் இன்னும் கெட்டிக்காரர். கப்பலும் ஏறவில்லை, பிராய்டைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஆரம்பித்து, 1953இல் சாகும்வரை தலைவராக இருந்தார். பிராய்டோடு உறவெல்லாம் கடிதத்தில்தான்.

யாருக்கு உரிமை என்ற சண்டை 1926இல் முற்றியது. எம்பிபிஎஸ் சமாச்சாரம் எதுவுமில்லாத தியோடர் ரைக் மீது வியன்னாவில் போலி வைத்தியர் வழக்கு. சீடனுக்காகப் பிராய்டு ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்கச் சீடர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், டாக்டர் அல்லாதவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். 1985இல் உளவியலாளர்கள் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் தாழ்ப்பாள் அசைந்தது. ஆஸ்திரியாவுக்கே 1990இல்தான் உளசிகிச்சைச் சட்டம் வந்தது. பிரிட்டனில் இன்றைக்கும் ‘சைக்கோதெரபிஸ்ட்’ என்று போர்டு மாட்டப் பெயின்ட் இருந்தால் போதும், சட்டம் தடுக்காது.

மலேசியா அவ்வளவு தாராளமில்லை. 1998இல் வந்த கவுன்சலர் சட்டப்படி, பதிவு செய்யாமல் ‘கவுன்சலர்’ என்று சொல்லிக்கொண்டால் குற்றம். காம்பாரிலேயே, ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரியாகிக் கிடக்கும் இடத்தில், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் கவுன்சலிங் படிக்கிறார்கள். மூத்தவர் மேற்பார்வையில் ஆள் பார்த்த மணிநேரத்துக்கெல்லாம் கணக்கு உண்டு. சாயங்காலம் ஏரிக்கரையில் லெக்சரரோடு எத்தனை சுற்று நடந்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது.