கல்லறையில் பதவி உண்டா?

கேள்வி: போரில் இறந்த பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் வீரர்களின் கல்லறைகளில் அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற வேறுபாடு உண்டா?

பதில்: இல்லை, உயிரோடு இருந்தபோது சல்யூட் அடித்தவருக்கும் அதை ஏற்றுக்கொண்டவருக்கும் மண்ணுக்குள் போனபின் ஒரே உயரக் கல்தான் என்பதை, 1917இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம் கொள்கையாகவே வகுத்தது. கல்லின் உச்சியில் பொறிக்கப்படும் சின்னமும் பதவிக்குரியதன்று. அது ரெஜிமெண்டுக்கு, அதாவது பெரும்பாலும் ஒரு மாவட்டத்தின் பெயரைத் தாங்கி, அம்மண்ணிலிருந்தே ஆள் திரட்டிய படைப்பிரிவுக்கு உரியது. அப்படிப்பட்ட ஒரு படைப்பிரிவின் கதை இது: பிரான்சில் மாமெட்ஸ் என்னும் ஊருக்கருகே, முதல் உலகப் போரில் நடந்த சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று வீழ்ந்த டெவன்ஷைர் ரெஜிமெண்டினர் பலர், தாக்குதலுக்காக எந்த அகழியிலிருந்து, அதாவது பதுங்கி நின்று போரிட வெட்டிய நீண்ட பள்ளத்திலிருந்து, புறப்பட்டார்களோ அதற்குள்ளேயே புதைக்கப்பட்டனர். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி எங்கிருந்து தம்மவரை வீழ்த்தும் என்று போர்க்களத்தின் மாதிரியைச் செய்து முன்கூட்டியே கணித்த கேப்டன் மார்ட்டினும் அவர்களுள் ஒருவர். கணிப்பு சரியாக இருந்தும் தாக்குதல் திட்டம் மாறவில்லை என்பதே இந்த வரலாற்றில் மனம் பொறுக்காத பகுதி. அன்று அந்த அகழியைக் காத்த டெவன்ஷைர் வீரர்கள் இன்றும் அதைக் காத்து நிற்பதாக அங்குள்ள நினைவுக்கல் கூறுகிறது. பிரான்சுக்குச் செல்லும் வாசகர்கள் பாரிசோடு திரும்பிவிடாமல் மாமெட்ஸுக்கும் சென்று, அந்தக் கற்களிலுள்ள பெயர்களை வாசித்துவிட்டு வர வேண்டும்.