கல்லும் தோளும்

கேள்வி: சாதிப் பாகுபாட்டைப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம், சார்? — கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் ஊர் ஆழ்வாரிடமே தொடங்குங்கள். உறையூர்ப் பாணர் குலத்துத் திருப்பாணாழ்வார், கோயிலுக்குள் போகமுடியாமல் காவிரிக்கரையில் நின்று பாடியவர். குருபரம்பரைக் கதைப்படி கோயில் அர்ச்சகர் லோகசாரங்கர் முதலில் அவர்மேல் கல்லெறிந்தார். அப்புறம்தான் அவரைத் தோளில் சுமந்தார். நாம் தோளைக் கொண்டாடி, கல்லை விட்டுவிடுகிறோம். ஆழ்வார் பாடிய 'அமலனாதிபிரான்' பத்தே பாசுரம். அடுத்து பாமாவின் 'கருக்கு' (1992). மதம் மாறினாலும் சாதி விடாததைச் சொல்லும் தன்வரலாறு. மேலப்புதூர்க் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காக எழுப்பிய சுவரை அறிந்த திருச்சிக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். பிறகு இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). ஒடுக்கப்பட்டவர்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. ஒன்றுதான் படிக்க நேரமென்றால், ஆரோக்கியத்தைப் படியுங்கள்.