போட்டோஷாப் வராத வீடு

கேள்வி: விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியவர்களுக்கு போட்டோஷாப்புக்கு மாற்று உண்டா?

பதில்: போட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அந்த நாற்காலியில் முதலில் வந்து உட்காருவது ஜிம்ப். பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995-இல் தொடங்கிய மென்பொருள் இது. காசு கேட்காது, பொறுமை கேட்கும்.

பழகிய விரல்கள்தான் இங்கே முதல் எதிரி. போட்டோஷாப்பில் கண்ட்ரோல்-டி அழுத்தினால் தேர்வு நீங்கும். ஜிம்ப்பில் அதே விசைகள் படத்துக்கு நகல் எடுத்துவிடும். கல்யாணப் படத்தில் பத்து முறை அழுத்தினால் திரையில் பதினொரு மாப்பிள்ளைகள். சேமிப்பதிலும் இதே கூத்து: கண்ட்ரோல்-எஸ் ஜிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பைத்தான் தரும், ஜேபெக் வேண்டுமானால் ஏற்றுமதி செய்ய வேண்டும். விசைகளை அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆறுதல். போட்ட எஃபெக்டைப் பிறகு திருத்தும் வசதி, 2025-இல் வந்த 3.0 பதிப்பில்தான் கிடைத்தது.

கேமராவின் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள், ராதெரபி. லைட்ரூம் பழகியவருக்கு டார்க்டேபிள் சொந்த ஊர் மாதிரிதான். தெருப் பெயர்கள் மட்டும் மாறியிருக்கும். ஓவியம் வரைய கிரிட்டா.

பழைய பிஎஸ்டி கோப்பில் நாலு எழுத்து மாற்ற, பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ போதும். ஜிம்ப்பும் பிஎஸ்டியைத் திறக்கும். ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போன்றவற்றைப் பழையபடி கையில் தராது. அச்சகம் சிஎம்ஒய்கே கேட்டால், ஜிம்ப்பில் ஆர்ஜிபியில் வேலையை முடித்து, ஏற்றுமதியின்போது மாற்றிக்கொள்ள வேண்டும். கிரிட்டாவில் சிஎம்ஒய்கேயிலேயே வேலை செய்யலாம்.